பெருசுதான் நம்ம ஆளு

காலத் தூக்கி ஸ்டூல் மேல வச்சிக்கிட்டு, காதுல வயரச் சொருகிக்கிட்டு, மகாராசா மாதிரி உக்காந்திருக்கான் பாரு எந்தம்பி எபனேசர். உள்ள டாக்டர் கூப்பிட்டதும் "விரல எடுக்க வேண்டாம் சார், நான் மூலிகையில பாத்துக்கிடுதேன்"னு சொல்லப்போறான். வீட்டுல இருந்தே ஒத்திகை. ஆட்டோவுலயும் அதத்தான் முணுமுணுத்துக்கிட்டு வந்தான், எனக்குக் காது கேக்காதுன்னு நெனப்பு. போன தடவை டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, சர்க்கரையில வந்த புண்ணு, இப்பன்னா ஒரு விரலோட போயிரும், தள்ளிப்போட்டா பாதம், அதுக்கும் மேல தள்ளிப்போட்டா எங்கிட்ட வராதீங்கன்னு. எனக்கு அன்னைக்குப் பூரா தூக்கம் இல்ல. இவன் கொறட்ட விட்டுத் தூங்கினானாம், அவம் பொண்டாட்டி சொன்னா. பாவம் அவ, சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சுபோயி, "நீங்களாவது கூட்டிட்டுப் போங்க மைனி"ன்னு எங்கிட்டத் தள்ளிவிட்டுட்டா. நான் கூட்டிட்டு வந்துட்டேன். வந்து என்ன செய்ய? நர்ஸம்மா கட்டப் பிரிச்சு, புண்ணு மேல லேசா ஒரு துணிய மட்டும் போட்டு, டாக்டர் பாத்த பெறவு கட்டிக்கிடலாம், பேரு கூப்பிடுவாங்க உக்காருங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டா. எங்களுக்கு முன்னால நாலஞ்சு பேரு இருக்காங்க. அந்த நாலஞ்சு பேரும் உள்ள போயி வெளிய வாரதுக்குள்ள இவம் மனசு மாறணும். மாறலன்னா இவன் ஒத்தக்காலோட நிப்பான், நான் அதப் பாத்துக்கிட்டு நிப்பேன். மாட்டேன், அதெல்லாம் நடக்காது, எங்கிட்டயா.

மடியில போனுல மூலிகை வீடியோ ஓடுது, வயருக்குள்ள இருந்து ஒழுகுத சத்தம் எனக்கும் லேசாக் கேக்கு. மொதல்ல ஒரு புல்லாங்குழல், பெறவு டமடமன்னு மேளம், பெறவு அந்தக் குரல், கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி. "பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே..." அட சவமே, எத்தன ஆயிரம்னு சொல்லித் தொலையேன். சொல்ல மாட்டான். ஓலைச்சுவடியக் காட்டுவான், அதுல என்ன எழுதிருக்குன்னு வாசிக்க மாட்டான். இலையக் காட்டுவான், அதத் தின்னவன் பொழைச்சானா செத்தானான்னு காட்ட மாட்டான். ஈஸ்டர்ல இருந்து இவன் மாத்திரைய நிப்பாட்டினது இந்தக் குரலக் கேட்டுத்தான், காலுல பச்சையா எதையோ அரைச்சு அப்பினதும் இந்தக் குரலக் கேட்டுத்தான். கோவம் கோவமா வருது. ஆனா ஒண்ணு, கோவம் வந்தாலும் அந்தக் குரலு என்னயும் ஒரு நிமிசம் கேக்க வைக்கத்தான் செய்யுது, காது தன்னால அந்தப் பக்கம் சாயுது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஏன்னா இது எனக்குத் தெரிஞ்ச குரலு. ஆளு வேற, ஆனா இந்த நிதானம், இந்த அடித்தொண்டை, இதெல்லாம் எங்க இருந்து திருடினதுன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டு நடுக்கூடத்துல இருந்து திருடினது.

மில் காலனி வீடு. அப்பா மில்லுல ஃபிட்டர், ஞானசிகாமணின்னு பேரு, ஆனா காலனியில எல்லாருக்கும் ஃபிட்டர்தான். கதவு வச்ச டிவிப்பெட்டி, கதவத் தெறந்தா கிரீச்சுன்னு ஒரு சத்தம், அந்தச் சத்தத்துக்கே ஆளு வந்துருவாங்க. மொதல்ல தூத்துக்குடியில இலங்கை டிவிதான் தெரியும், காத்து அடிச்சா அதுவும் தெரியாது. பெறவு டெல்லி டிவி வந்தது. ஞாயித்துக்கிழமை காலைல அறிவியல் படம், சரித்திரப் படம்னு போடுவான். ஒரு வெள்ளக்காரன் வேர்த்து விறுவிறுத்துப்போயி பாலைவனத்துல நடப்பான், குனிஞ்சு ஒரு கல்ல எடுப்பான், திருப்பித் திருப்பிப் பாப்பான், ஒண்ணும் பேச மாட்டான். எவ்வளவு நேரம் பேசாம இருப்பான் தெரியுமா? காத்தடிக்குத சத்தம் மட்டும் கேக்கும். நடுக்கூடத்துல காலனியே உக்காந்திருக்கும், ஒருத்தரும் இருமக்கூட மாட்டாங்க, என்னத்தயோ கண்டுபிடிக்கப்போறான்னு. கடைசியில அந்தாளு கல்லக் கீழ போட்டுட்டு வேற பக்கமா நடந்து போயிருவான். ஒண்ணும் இல்ல அதுல. எனக்கு அது எவ்வளவு பிடிக்கும்! ஒண்ணும் கெடைக்காததையும் டிவியில காட்டுனான் பாத்தியா, அந்தத் தைரியம் இப்ப எவனுக்கு இருக்கு? அதுவும் அந்தப் படத்து இங்கிலீஷு காலனியில ஒருத்தருக்கும் புரியாது. அப்பாதான் டிவிக்குப் பக்கத்துல முக்காலியப் போட்டு உக்காந்து, சத்தத்தப் பாதியாக் கொறைச்சுட்டு, தமிழ்ல சொல்லுவாங்க. அப்பாவுக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரியும்? மில்லுல மிஷின் மேல எழுதியிருக்க அளவுக்குத் தெரியும். மிச்சம் படத்தப் பாத்து, அந்தாளு மூஞ்சியப் பாத்து, சொந்தமா. ஆனா என்ன கம்பீரம்! "இந்த மலை ஒரு காலத்துல கடலுக்குள்ள கெடந்துச்சு. எப்படித் தெரியும்? பாருங்க, மலை மேல சிப்பி." எங்களுக்குச் சிப்பி தெரியும், மலைதான் தெரியாது, வாயப் பொளந்துகிட்டுப் பாப்போம்.

கோயில்ல ஆராதனை நடக்குத நேரத்துல படம். அதுவும் ஒரு கூத்து. ஒரு நாளு உபதேசியாரு வெள்ள வேட்டியும் பைபிளுமா வந்து வாசல்ல நிக்காரு, "ஃபிட்டரே, ஆராதனைக்கு ஆள் இல்ல, எல்லாம் உம்ம வீட்டுல கெடக்கு, கர்த்தர் கேக்க மாட்டாரா?" அப்பா எந்திரிக்கவே இல்ல. "கர்த்தர் பண்ணின வேலையத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம் உபதேசியாரே, வந்து உக்காரும்"னாங்க. அன்னைக்குன்னு பாத்து கடலுக்கடியில திமிங்கிலம். உபதேசியாரு செருப்பக் கழட்டிட்டு வந்து உக்காந்தவரு, படம் முடியுத மட்டும் எந்திரிக்கல. போகும்போது, "யோனாவ முழுங்கினது இதுதானா?"ன்னு கேட்டாரு. அப்பா யோசிச்சு, "அது இந்தாளு சொல்லல உபதேசியாரே"ன்னாங்க. எனக்கு இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது, ஆஸ்பத்திரியில உக்காந்து தனியாச் சிரிச்சா கோட்டின்னு நெனப்பாங்க, நெனச்சுட்டுப் போகட்டும். அந்தப் படமெல்லாம் இப்பப் போனுல கெடைக்கு, எவன் எவனோ புண்ணியவான் ஏத்தி வச்சிருக்கான், கோடு கோடா, கொசகொசன்னு. என் பேக்கரியில மத்தியானம் மக்ரூன அடுப்புல வச்சுட்டா அது காய நேரமாகும், அந்த நேரத்துல போட்டுப் பாப்பேன். எபன் மகன் வந்தா சிரிப்பான், "அத்தை, என்னத்தை இது, அந்தாளு நடந்துகிட்டே இருக்கான், ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விடுங்க." ஏன்டா ஓட விடணும்? அந்தாளு நடக்கட்டும். கால் உள்ளவன் நடக்கான், உனக்கென்ன வலிக்கு? முட்டை வெள்ளைக்கருவ அவசரமா அடிச்சு எடுத்தா மக்ரூன் பூத்துருமா, சப்புன்னு ஒக்காந்துரும். பழசுக்கு ஏங்குத கெழவின்னு சொல்லுதாங்க. சொல்லட்டும், ஏங்குதேன். நல்லத நெனச்சு ஏங்காம வேற எத நெனச்சு ஏங்கணும்?

உள்ள இருந்து ஒரு அம்மா வெளிய வாரா, கைத்தாங்கலா. அடுத்த ஆளப் போகச் சொல்லுதாங்க. ஒண்ணு கொறைஞ்சுட்டு. நேத்து வீட்டுல வச்சுக் கத்தினேன், வீடியோவ நம்பி காலக் குடுப்பியாலன்னு, அதுக்கு இவன் சாவகாசமா, "நீயும் வீடியோதான பாக்க?"ன்னான். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அடுப்படியில பாத்திரத்த நங்குன்னு வச்சுட்டு வந்துட்டேன். நேத்துல இருந்து அது தொண்டையில முள்ளு மாதிரி நிக்கு. நானும் குரலத்தான கேட்டேன்? எனக்கும் இங்கிலீஷ் தெரியாது, எனக்கும் அந்த வெள்ளக்காரன் சொன்னது சரியா தப்பான்னு தெரியாது, அப்பா சொன்னதுல பாதி அவுங்க சொந்தச் சரக்கு, பெறவு எனக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? நான் பழைய குரலுக்கு ஏங்குதேன், இவன் புதுக் குரலுக்கு மயங்குதான், ரெண்டும் ஒண்ணுதானா? ஒண்ணு இல்ல. ஒண்ணா இருந்தா என்னால தாங்க முடியாது, ஆனா தாங்க முடியாதுங்கதுக்காக ஒண்ணு இல்லன்னு சொல்லிர முடியுமா? அது இந்தக் குரல்காரன் பண்ணுத வேல. யோசி, யோசி புஷ்பலீலா, ஆளு வரிசையில போயிட்டே இருக்கு.

ரத்தம். ரத்தத்தப் பத்தி ஒரு படம் போட்டான். ஆமா. தெர பூரா கஞ்சி மாதிரி ஒண்ணு நெளியுது. பெருசா ஒண்ணு, வழுவழுன்னு, கைய நீட்டி நீட்டிப் போயி, சின்னதா ஓடுத ஒண்ண வளைச்சுப் பிடிச்சு முழுங்குது. அப்பா அடிச்சுச் சொன்னாங்க, "பெருசு கிருமி, சின்னது நம்ம ரத்தம், பாத்துக்கிடுங்க, வியாதி நம்மள எப்படித் திங்குதுன்னு." பக்கத்து வீட்டு சொர்ணத்தக்கா அப்பத்தான் டைபாய்டுல கெடந்து எந்திரிச்சிருந்தா, வாயப் பொத்திக்கிட்டு அழுதா. எபன் அன்னைக்கு முழுக்கச் சோறு திங்கல, சின்னப்பய, கையத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்தான். அடுத்த ஞாயித்துக்கிழமை படம் ஆரம்பிக்க முந்தி அப்பா டிவிக்கு முன்னால வந்து நின்னுட்டாங்க. மறைக்காதீங்க ஃபிட்டரேன்னு ஒரே சத்தம். "செத்த பொறுங்க. போன வாரம் நான் மாத்திச் சொல்லிட்டேன். பெருசுதான் நம்ம ஆளு. சின்னதுதான் கிருமி. மில்லு கம்பவுண்டர்ட்டப் போயிக் கேட்டேன். நாமதான் அதத் திங்கோம், அது நம்மளத் திங்கல." பின்னால இருந்து எவனோ, "எது எதத் தின்னா என்ன, நகரும் வே"ன்னான். அப்பா நகரல. சொர்ணத்தக்கா வரலயேன்னு பாத்துட்டு, அவ வீட்டு வாசலுக்கே போயிச் சொல்லிட்டு வந்தாங்க. திரும்பி வாரதுக்குள்ள படம் பாதி ஓடிப்போச்சு, அன்னைக்குப் பாதிப் படத்துக்குத் தமிழே கெடையாது, எல்லாரும் திட்டினாங்க. அதுதான். அதுதான்டா வித்தியாசம். கெடைச்சிருச்சு. எம்புட்டு நேரமாத் தேடுதேன்!

வயரப் பிடிச்சு இழுத்தேன். காதுல இருந்து பொளக்குன்னு வந்துருச்சு.

"ஏல எபன், இந்தக் குரலு என்னைக்காவது, போன வாரம் நான் தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லிருக்கா?"

"எக்கா, சும்மா இரு."

"சொல்லிருக்கா இல்லியா?"

"தப்பாச் சொன்னாத்தான அப்படிச் சொல்லணும்."

"தப்பே சொல்லாதவன் யாருல இருக்கான் ஒலகத்துல? அப்பா சொன்னாங்கல்லா? பெருசுதான் நம்ம ஆளுன்னு காலனி முழுக்கப் போயிச் சொன்னாங்கல்லா?"

"சத்தம் போடாத, எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். நான் என்ன திருடியா?"

அவன் வயர எங் கையில இருந்து வாங்கல. சுவத்தப் பாத்துக்கிட்டு, மெதுவா, "அப்பா அப்பாங்கியே, அப்பாவையும் இங்கதான கொண்டுவந்தோம்"னான். அவ்வளவுதான் சொன்னான். ஆமா, இங்கதான். அப்பா அப்ப ரிட்டயர் ஆகி வீட்டுல. அவுங்களுக்கும் சர்க்கரைதான், பெருவிரல் நுனியில ஒரு புண்ணு, எங்க ஒருத்தர்ட்டயும் சொல்லல, காலுறைய மாட்டிக்கிட்டு நடந்தாங்க, குளிரா என்ன தூத்துக்குடியில? கேட்டா, குதிகால் வெடிப்புன்னாங்க. நாத்தம் வந்த பெறவுதான் எங்களுக்குத் தெரியும். நாங்க தூக்கிட்டு வரும்போது கணுக்காலத் தாண்டிருந்துச்சு. முழங்காலுக்கு மேல எடுத்தாங்க. எடுத்த கால வீட்டாள்ட்டக் குடுத்துருவாங்க, பொதைக்கணும்லா, நான் அப்பா தலமாட்டுல நிக்கேன், இவன்தான் வாங்கினான். மீசை அப்பத்தான் நல்லா மொளைச்சிருக்கு இவனுக்கு. வெள்ளத்துணியில சுத்தி, மடியில வச்சு, ஆட்டோவுல கல்லறைத் தோட்டத்துக்குப் போனான், தனியா. திரும்பி வந்து கையக் கழுவிக்கிட்டே இருந்தான். "கனமா இருந்துச்சுக்கா"ன்னு ஒரே ஒரு தடவ சொன்னான். அந்த மாசம் முடியுததுக்குள்ள அப்பாவையும் அங்கயே கொண்டு வச்சோம். அட மடச்சி, இத எப்படி மறந்தேன்? இவன் அந்தக் குரல நம்பல, நம்புத மாதிரி பிடிச்சிக்கிட்டு இருக்கான். வெட்டாமச் சரியாகும்னு யாரு சொன்னாலும் பிடிச்சுக்கிடுவான், புல்லாங்குழல் இல்லாமச் சொன்னாலும் பிடிச்சுக்கிடுவான். பயம். எனக்கும் பயம்தான். அப்பாவுக்கும் பயம்தான் இருந்திருக்கு. ஊருக்கெல்லாம் ரத்தத்தக் காட்டின மனுசன் சொந்தக் காலக் காட்டல. அப்பா, உங்க மேல எனக்கு எவ்வளவு கோவம்ங்கது இன்னைக்குத்தான் தெரியுது. இத்தன வருசம் மக்ரூன் வாசத்துக்குள்ள உக்காந்து உங்க குரல நெனச்சு நெனச்சு உருகினேனே, நீங்க அந்தக் காலுறையக் கழட்டியிருந்தா இன்னும் பத்து வருசம் பேசிருப்பீங்களே. உங்களயும் திட்டுவேன், விட மாட்டேன். அன்பு வச்சா திட்டக் கூடாதா?

இவனும் பாக்கல. இப்பத்தான் ஒரைக்குது எனக்கு. கட்டப் பிரிக்கும்போதெல்லாம் மூஞ்சியச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிடுவான், இன்னைக்கும் அப்படித்தான் திருப்பினான். காலு மரத்துப்போயி வலியும் தெரியல, கண்ணாலயும் பாக்கல, பெறவு அவனப் பொறுத்த வரைக்கும் அங்க என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. டாக்டர் சொல்லுதாரு, பொண்டாட்டி சொல்லுதா, அக்கா கத்துதா, குரலு ஒண்ணு சொல்லுது, எல்லாம் வெறும் சத்தம்தான. எல்லாரும் பேசுதோம், ஒருத்தரும் காட்டல. உள்ள இருந்து இன்னொரு ஆளு வெளிய வந்தாச்சு. ஒரு கெழவர் மட்டும் எங்களுக்கு முன்னால. எபன் மடியில கெடந்த போன எடுத்தேன். "என்னக்கா பண்ணுத?"ன்னான், "பேசாம இருல"ன்னேன். அந்தக் குரல நிப்பாட்டினேன். படம் பிடிக்குதத அமுக்கினேன். ஸ்டூலுக்கு முன்னால தரையில உக்காந்தேன், முட்டி மடக்குன்னு சத்தம் போட்டுச்சு, எதுத்தாப்புல இருந்த பொம்பள எட்டிப் பாத்தா, பாருட்டி, நல்லாப் பாரு. துணிய ஒரு ஓரமாப் பிடிச்சுத் தூக்கினேன். அவசரமே படல. பேசினேன், என் குரல்ல, பேக்கரியில சரக்கு கேக்குத இந்தக் கரகரக் குரல்ல.

"இது எந்தம்பி எபனேசர் காலு. எடது காலு. பெருவிரல் நல்லா இருக்கு. ரெண்டாவது விரல் கருத்துப்போச்சு, நுனியில இருந்து நடு மட்டும். சுத்திச் செவந்திருக்கு. இங்கன ஈரமா இருக்கு. நாத்தம் வருது, அது படத்துல தெரியாது, நான் சொல்லுதேன். இந்த வெள்ளையா இருக்கது என்னன்னு எனக்குத் தெரியல. உள்ள இருக்க டாக்டருக்குத் தெரியும். பாதம் இன்னும் நல்ல நெறமாத்தான் இருக்கு. இன்னைக்கு இவ்வளவுதான் தெரியுது."

நிப்பாட்டினேன். எந்திரிக்க முடியல, அப்படியே தரையில உக்காந்துகிட்டே போன அவன் கையில வச்சேன். வேண்டாம்னு தள்ளுவான்னு நெனச்சேன், தள்ளினா செவுட்டுல ஒண்ணு குடுக்கவும் தயாரா இருந்தேன், ஆஸ்பத்திரியாவது ஒண்ணாவது. தள்ளல. போனப் பாக்காம என்னயத்தான் கொஞ்ச நேரம் பாத்தான். பெறவு கட்டவெரலால அமுக்கினான். எங் குரலு அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள இருந்து வருது, எனக்கே யாரோ மாதிரி இருக்கு. அவன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன் நான். மூஞ்சிய அவன் திருப்பல. முடிஞ்சுது. மறுபடியும் மொதல்ல இருந்து போட்டான். இந்தத் தடவ நடுவுல நிப்பாட்டி, ரெண்டு விரலால பெருசாக்கி, அந்த வெள்ளயக் கண்ணுகிட்டக் கொண்டுபோயிப் பாத்தான்.

"எலும்புக்கா"ன்னான்.

"எனக்குத் தெரியாதுல."

"எலும்புதான்." போன அணைச்சுச் சட்டப்பைக்குள்ள போட்டான். வயரு கீழ தொங்குச்சு, அதச் சுருட்டக்கூட இல்ல. "ஒரு விரலுதான? ஒரு விரலோட நிப்பாட்டுவாரான்னு கேளு. நான் கேக்க மாட்டேன், நீதான் கேக்கணும்."

"கேக்கேன். அவரு மழுப்பினா விட மாட்டேன், நல்லாக் கேக்கேன்."

கெழவர் வெளிய வந்துட்டாரு. நர்ஸம்மா கதவப் பிடிச்சுக்கிட்டு எபனேசர்னு கூப்பிடுதா. நான் தரையில இருந்து எந்திரிக்கப் பாக்கேன், முட்டி வர மாட்டேங்கு, அவன் ஒத்தக்கால ஊணி நின்னுகிட்டு எனக்குக் கைய நீட்டுதான். கோட்டிப்பய, விழுந்துருவான், இருந்தாலும் பிடிச்சேன்.

"ஏங்க்கா அழுத?"ன்னான்.

"அழுதேன்தான், அதுக்கென்ன? நட."